தரவுக்கு இலக்கணம் வகுத்த எட்கர் காட்

நம் விடுதியின் உணவுக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றவேண்டும் என்று நம் மன்றத்துத் தோழர் ஒருவரிடம் சொன்னால், எந்தத் தரவுத்தளத்தை வாங்கிப் போடுவது என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கணக்கை எப்படி அடுக்கி வைப்பது என்பதே அது.

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஏடு திறந்து, அவர் உண்ட நாள்களையெல்லாம் அவர் பெயரின்கீழ் எழுதிக்கொண்டு போகலாம். திங்கள் முடிவில் அவர் கட்டவேண்டிய தொகையைச் சொல்வதற்கு இது மிகவும் வசதி. அல்லது, நாளுக்கு ஓர் ஏடாகத் திறந்து, அன்று உண்டவர் பெயர்களை அதன்கீழ் எழுதலாம். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று கணிக்கச் சமையற்காரருக்கு இது வசதி. ஆனால், முதல் முறையில் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு, சென்ற ஞாயிறன்று எத்தனை பேர் உண்டனர் என்று விடுதிக் காப்பாளர் கேட்டால் எல்லா ஏடுகளையும் புரட்டவேண்டும். இரண்டாம் முறையில் எழுதியிருந்தால், ஒருவருடைய திங்கட் கணக்குக்கு முப்பது ஏடுகளைப் புரட்டவேண்டும். அதனினும் தொல்லை ஒன்று உண்டு. ஒரு மாணவர் அறை மாறினார் என்று வைத்துக்கொள்வோம். நாளேடு ஒவ்வொன்றிலும் அவர் பெயருக்கு அருகில் அறை எண்ணும் எழுதப்பட்டிருந்தால், எத்தனை இடத்தில் திருத்துவது? ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துவிட்டால், ஒரே மாணவர் இரண்டு அறையில் வாழ்பவர் ஆகிவிடுவார்.

விடுதிக் கணக்கில் இது சிறு தொல்லைதான். வங்கியிலும் மருத்துவமனையிலும் விமானத் தொழிற்சாலையிலும் இதுவே பெருந்தொல்லையாகப் பல்லாயிரம் நிரலர்களின் காலத்தைத் தின்றுகொண்டிருந்த ஒரு காலம் இருந்தது. அத்தொல்லையின் வேர் எது என்று கண்டு சொன்னவர் எட்கர் காட். இன்று நாம் நாள்தோறும் எழுதும் எஸ்.க்யூ.எல். கட்டளைகள் அவர் போட்ட வித்தினின்று முளைத்தவை. பாடநூலில் அவர் பெயர் ஓர் இயல்பாக்க விதியின் பாதிப் பெயராக மட்டும் நின்றுவிட்டது. அவருடைய வாழ்க்கை அதைவிடச் சுவையானது.

எட்கர் ஃபிராங்க் காட் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லந்து தீவில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. மக்கள் எழுவருள் இவரே கடைக்குட்டி. பூல் நகரத்துப் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் எக்ஸிட்டர் கல்லூரியிற் சேர்ந்தார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் என்ற காரணம் காட்டிப் படைப்பணியைத் தள்ளிப்போட அவருக்கு வழி இருந்தது. அவர் அதை நாடவில்லை. தாமே முன்வந்து பிரிட்டிஷ் விமானப்படையிற் சேர்ந்து, கடற்கரைக் காவற்பிரிவில், கடல்நீரிலும் இறங்கவல்ல சண்டர்லந்து விமானங்களை ஓட்டினார். போர் முடிந்தபின் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி, 1948இல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். கணிதப் பட்டதாரிக்கு நியூயார்க் நகரம் முதலில் கொடுத்த வேலை யாது தெரியுமா? மேசிஸ் என்னும் பெருங்கடையில் ஆடவர் விளையாட்டு உடை விற்கும் வேலை! பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் சில திங்கள் கணிதம் கற்பித்தார். 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் நிரல் எழுதும் கணித அறிஞராக அமர்ந்தார். தெருவில் நடப்போர் கண்ணாடி வழியே வேடிக்கை பார்க்கும்படி நியூயார்க்கில் நிறுத்தி வைத்திருந்த ஒரு பெருங்கணிப்பொறிக்கு அவர் நிரல் எழுதினார். படிப்பு முடித்து வேலைக்கு அலையும் நம் தோழர்கள் அந்த விளையாட்டு உடைக் கடையைச் சற்று நினைவில் வைக்கலாம்.

1953இல் அவர் அவ்வேலையை உதறினார். அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி, பொதுவுடைமையர் என்று ஐயுற்றோரையெல்லாம் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேட்டையைக் கண்டு வெறுத்துக் காட் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். ஒட்டாவா நகரில் கனடாவின் ஏவுகணைத் திட்டத்துக்குரிய கணிப்பு நிலையத்தை நடத்தினார். பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததன் பயனாக 1957இல் மீண்டும் ஐ.பி.எம்.முக்கே வந்தார். தமக்குச் சரியெனப் பட்டதற்காக நிறுவனத்தையும் நாட்டையும் விட்டுப்போகத் துணிந்த இந்தக் குணத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே திறவுகோல்.

திரும்பி வந்தபின், ஸ்ட்ரெட்ச் என்ற பெருங்கணிப்பொறியில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிரல்களை ஒரே காலத்தில் ஓடவைக்கும் முயற்சியில் பங்கு கொண்டார். அப்பால், நாற்பது வயதை நெருங்குகையில், மீண்டும் மாணவரானார். ஐ.பி.எம். கொடுத்த உதவித்தொகையுடன் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் பொறி. ஃபான் நாய்மன் என்னும் பேரறிஞர் அத்தகைய பொறியைக் கட்டங்களாகப் பிரித்து அமைத்தபோது, ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள் வேண்டியிருந்தன. எட்டே நிலைகள் போதும் என்று காட்டினார் காட். குறைந்த உறுப்புகளைக் கொண்டு நிறைந்த ஆற்றலைப் பெறுவது எப்படி என்ற நாட்டம் அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது.

இந்த நாட்டத்துடன் அவர் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தரவு மேலாண்மை என்னும் துறையைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? அன்று தரவை அடுக்குவதற்கு இரண்டு பெரிய நெறிகள் இருந்தன. ஒன்று படிநிலை நெறி, மரம்போல் கிளைப்பது. மனிதனை நிலவுக்கு அனுப்பும் அப்போலோ திட்டத்துக்காக ஐ.பி.எம்.மும் விமானம் செய்யும் நிறுவனம் ஒன்றும் கூடி 1966இல் தொடங்கிய ஐ.எம்.எஸ். என்ற அமைப்பு இவ்வகையது. 1968இல் பணிக்கு வந்தது. இராக்கெட்டின் பெரும்பகுதி ஒன்றின்கீழ் அதன் சிறுபகுதிகள், அவற்றின்கீழ் இன்னும் சிறியவை, கடைசியில் திருகாணி என்று இறங்கிச் செல்லும் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான அடுக்கு வேறு இல்லை. மற்றொன்று வலையமைப்பு நெறி. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் ஆக்கியது அது. ஒவ்வொரு பதிவும் தன் அடுத்த பதிவு எங்கே இருக்கிறது என்று சுட்டும் சுட்டியொன்றைத் தாங்கியிருக்கும். பதிவுகள் இவ்வாறு கைகோத்து வளையங்களாக நிற்கும். ஒரே பதிவு பல வளையங்களில் இடம்பெறலாம். ஆதலின், ஒரு பிள்ளைக்கு ஒரே தாய் என்ற மரத்தின் கட்டுப்பாடு இதற்கு இல்லை.

இரண்டும் வேகமானவை, இரண்டும் திறமை மிக்கவர்களின் ஆக்கங்கள். ஆயினும் இரண்டிலும் ஒரு பொதுக் குறை இருந்தது. தரவைத் தேடும் வழியை நிரலர் அறிந்திருக்கவேண்டும். எந்த வாயிலில் நுழைவது, எந்தக் கிளையில் இறங்குவது, எந்தச் சுட்டியைப் பற்றிக்கொண்டு அடுத்த பதிவுக்குத் தாவுவது என்பனவெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இருட்டில் பழகிய வீட்டுக்குள் நடப்பவன் தூணையும் படியையும் எண்ணிக்கொண்டு நடப்பதுபோல் நிரல் நடக்கும். ஒரு தூணை நகர்த்தினால் விழும்.

காட் இக்குறையை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். பதிவுகள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை நிரல் நம்பியிருக்கிறது. எந்தச் சுட்டு அட்டவணைகள் கட்டப்பட்டுள்ளன என்பதை நம்பியிருக்கிறது. எந்தப் பாதை வழியே அடைவது என்பதையும் நம்பியிருக்கிறது. மூன்றாவதற்கு அவர் தந்த சான்று மிக எளியது. ஒரு தொழிற்சாலையில் உறுப்புகள் உள்ளன, திட்டங்கள் உள்ளன, இன்ன திட்டத்துக்கு இன்ன உறுப்பு இத்தனை என்ற ஒதுக்கீடும் உள்ளது. இந்த மூன்று செய்திகளை மர அடுக்கில் எத்தனை விதமாக வைக்கலாம்? உறுப்பின்கீழ்த் திட்டத்தை வைக்கலாம். திட்டத்தின்கீழ் உறுப்பை வைக்கலாம். உறுப்பையும் திட்டத்தையும் சமமாக வைத்து, ஒதுக்கீட்டை ஏதேனும் ஒன்றன்கீழ்ப் போடலாம். மூன்றையும் சமமாகவே வைக்கலாம். இவ்வாறு ஐந்து அடுக்குகளை அவர் எடுத்துக்காட்டினார். குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய உறுப்புகளைப் பட்டியலிடுக என்பதுதான் வேலை. வேலை ஒன்றே, செய்திகளும் அவையே. ஆனால், ஓர் அடுக்குக்கு எழுதிய நிரல் மற்றோர் அடுக்கில் ஓடாது. அடுக்கை மாற்றும் நாளில் நிரல்களையெல்லாம் திருத்தி எழுதவேண்டும். நம் விடுதி ஏட்டின் கதைதானே இது!

இக்கருத்து முதலில் 1969இல் ஐ.பி.எம்.மின் உள்ளறிக்கையாக வந்தது. விரித்தும் திருத்தியும் 1970ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்கக் கணிப்பொறியாளர் கழகத்தின் திங்களிதழில் வெளியாயிற்று. பதினோரு பக்கக் கட்டுரை அது. அதற்கு அவர் கைக்கொண்ட கருவி, நாமெல்லாம் கணித வகுப்பில் கண்டு மறந்த கணக்கோட்பாடு. கணங்களுக்கிடையே உள்ள உறவு என்ற கருத்தை எடுத்து, எல்லாத் தரவையும் உறவுகளாகவே எழுதலாம் என்றார். தாளில் வரைந்தால் உறவு என்பது ஓர் அட்டவணை. ஆனால் சாதாரண அட்டவணையன்று. அதில் எந்த வரி முதல், எந்த வரி கடைசி என்பதற்குப் பொருள் இல்லை. ஒரே வரி இருமுறை வராது. ஓர் அட்டவணைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லச் சுட்டி எதுவும் கிடையாது. இரண்டிலும் ஒரே மதிப்பு இருப்பதே தொடர்பு.

விடுதிக் கணக்கை அவர் வழியில் எழுதிப் பார்ப்போம். மாணவர் அட்டவணையில் எண், பெயர், அறை. வேளை அட்டவணையில் காலை, நண்பகல், இரவு என்பனவும் அவற்றின் விலையும். மூன்றாவது அட்டவணையில், இன்ன எண்ணுள்ள மாணவர் இன்ன நாளில் இன்ன வேளை உண்டார் என்ற செய்தி மட்டும். அறை மாறினால் ஒரே வரியில் திருத்தம். காப்பாளர் நாளைப்பற்றிக் கேட்டாலும், மாணவர் தம் தொகையைக் கேட்டாலும், இரண்டு கேள்விக்கும் இக்கணக்கு ஒரே முகம் காட்டும். ஒருவருக்கு முன்வாசலும் மற்றவருக்குக் கொல்லைப்புறமும் என்ற வேறுபாடு இல்லை. இன்னும் ஒன்று. வேண்டிய வரிகளைப் பொறுக்குதல், வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்தல், இரண்டு அட்டவணைகளை இணைத்தல் என்று எந்தச் செயலைச் செய்தாலும் கிடைப்பது மற்றோர் அட்டவணையே. ஆதலின் அதன்மேல் மீண்டும் அதே செயல்களைச் செய்யலாம். எண்ணோடு எண்ணைக் கூட்டினால் எண்ணே கிடைப்பது போன்றது இது. இந்த ஒரு பண்புதான் காட் கண்ட நெறிக்கு இலக்கணத்தின் கட்டுக்கோப்பைக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்கும்படி அட்டவணைகளைப் பிரிப்பதற்கு அவர் இயல்பாக்க விதிகளையும் வகுத்தார். இளைஞர் ரேமண்ட் பாய்ஸ் உடன் சேர்ந்து கூர்மைப்படுத்திய விதியே பாய்ஸ்–காட் விதி என நாம் தேர்வுக்கு உருப்போடுவது. அந்தப் பாய்ஸ் 1974இல் இளவயதிலேயே இறந்துபோனார்.

ஐ.பி.எம். என்ன செய்தது? ஐ.எம்.எஸ். அந்நிறுவனத்துக்குப் பொன் சொரிந்துகொண்டிருந்தது. தன் வீட்டு ஊழியரே அதன் அடித்தளம் பிழையானது என்று அச்சில் எழுதினால் எந்த நிறுவனம் மகிழும்? புதிய நெறி உடனே கையாளப்படவில்லை. காட் ஓய்ந்திருக்கவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளரிடமே தம் நெறியின் பயனை எடுத்துரைத்தார். அவர்கள் நிறுவனத்தை நெருக்கினர். மெக்கார்த்தி காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறியவர், இம்முறை வெளியேறாமல் உள்ளிருந்தே போராடினார்.

எதிர்ப்பு வணிகக் காரணத்தால் மட்டும் எழுந்ததன்று. அறிவுக் காரணமும் இருந்தது. 1974இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கில் பாக்மன் தரப்பும் காட் தரப்பும் நேருக்கு நேர் வழக்காடின. முந்தின ஆண்டுதான் பாக்மன் கணிப்பொறியுலகின் உயரிய ட்யூரிங் விருதைப் பெற்றிருந்தார். நிரலர் என்பவர் தரவுக் கடலில் வழிகண்டு செல்லும் மாலுமி என்பது அவர் கொள்கை. அவர் தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பாதையை நிரலர் சொல்லாவிட்டால் யார் சொல்வது? இலட்சக்கணக்கான வரிகள் உள்ள இரண்டு அட்டவணைகளை இணைக்கச் சொன்னால் அன்றைய பொறி திணறும். கணிதம் அழகாயிருக்கலாம், வங்கி வாயிலில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? காட் தரப்பின் விடை, பாதையைப் பொறியே தேர்ந்துகொள்ளட்டும் என்பது. நிரலர் தமக்கு வேண்டியது இன்னது என்று மட்டும் சொன்னால் போதும். பக்கக் கணக்கில் எழுதவேண்டிய தேடலைச் சில வரிகளில் முடித்துவிடலாம். ஆனால் 1974இல் இது ஒரு வாக்குறுதிதான். பாதையைத் தானே தேர்ந்து, விரைவாகவும் ஓடும் பொறியமைப்பை அதுவரை எவரும் கட்டிக்காட்டவில்லை. அன்று அவ்வரங்கில் நான் இருந்திருந்தால், வங்கிக் கணக்கைப் பாக்மன் கையில்தான் கொடுத்திருப்பேன் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

வாக்குறுதியை நிறைவேற்றியவர் வேறு பலர். சான் ஹோசேயிலேயே சிஸ்டம் ஆர் என்ற முயற்சி தொடங்கிற்று. டொனால்ட் சாம்பர்லினும் பாய்ஸும் அதற்கென்று ஆக்கிய வினவல் மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. பட்ரீஷியா செலிங்கர் முதலியோர், எந்தப் பாதையில் சென்றால் செலவு குறைவு என்று பொறியே கணக்கிட்டுத் தேரும் முறையை 1979இல் வெளியிட்டனர். பாக்மன் தரப்பின் கேள்விக்கு உண்மையான விடை அந்த ஆண்டில்தான் பிறந்தது எனலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் மாணவர் துணைகொண்டு இங்கிரஸ் என்ற அமைப்பைக் கட்டினர். ஐ.பி.எம். அறிஞர்கள் ஒளிக்காமல் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனின் சிறு நிறுவனம், 1979இலேயே ஆரக்கிள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. கருத்தைப் பெற்றெடுத்த ஐ.பி.எம். தன் முதல் விற்பனைச் சரக்கை 1981இலும், டி.பி.2 என்பதை 1983இலும்தான் கொணர்ந்தது. பிள்ளையை அடுத்த வீட்டார் எடுத்து வளர்த்துப் பெயரும் வைத்தபின் தாய் தேடி வந்ததுபோல! இந்த மரபில் நமக்கு உவகை தரும் பெயர் ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துச் சென்ற சி. மோகன், இதே சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில், மின்சாரம் நின்று பொறி விழுந்தாலும் கணக்குக் கெடாமல் மீட்கும் ஆரிஸ் என்ற முறையை உருவாக்கியவருள் முதல்வர்.

காட் பெருமகனார்க்கு இவ்வெற்றி முழு மகிழ்ச்சி தரவில்லை என்பதே வியப்பு. எஸ்.க்யூ.எல். மொழி அவர் ஆக்கியதன்று. அவர் எண்ணிவைத்த மொழி ஆல்ஃபா என்பது வேறு. எஸ்.க்யூ.எல். அட்டவணையில் ஒரே வரி இருமுறை வரவும் இடங்கொடுத்தது. கணக்கோட்பாட்டின்மேல் நின்ற மனிதருக்கு இது இலக்கணப் பிழை. 1976இல் ஐ.பி.எம்.மின் உயர்ந்த தகுதியான ஃபெல்லோ என்ற பெருமையும், 1981இல் ட்யூரிங் விருதும் அவரை வந்தடைந்தன. 1984இல் ஓய்வு பெற்றார். அதற்குள், பழைய அமைப்புக்கு மேற்பூச்சுப் பூசி, இதுவும் உறவுநிலைத் தரவுத்தளமே என்று விற்போர் பெருகிவிட்டனர். போலியை இனங்காண 1985இல் அவர் பன்னிரண்டு விதிகளை ஒரு கணிப்பொறிச் செய்தித்தாளில் வெளியிட்டார். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று இருக்கும். முதல் விதிக்குச் சுழியம் என்று எண் கொடுத்ததால் வந்த வேடிக்கை அது. அவ்விதிகள் அனைத்தையும் நிறைவு செய்யும் சரக்கு அன்று சந்தையில் இல்லை.

தெரியாத செய்தியை எவ்வாறு குறிப்பது என்ற சிக்கலிலும் அவர் பிடிவாதக்காரர். மதிப்புத் தெரியவில்லை என்பது வேறு. மதிப்புக்கே இடமில்லை என்பது வேறு. ஒருவருடைய தொலைபேசி எண் நமக்குத் தெரியாமலிருப்பதும், அவரிடம் தொலைபேசியே இல்லாமலிருப்பதும் ஒன்றல்லவே! இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட, உண்மை, பொய் என்ற இரண்டோடு நில்லாமல் நான்கு மதிப்புள்ள தருக்கம் வேண்டும் என்று 1990இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவருடைய நெறியை உலகெங்கும் பரப்பிய நண்பர் கிறிஸ் டேட் கூட இதனை ஏற்கவில்லை.

வாழ்வின் பிற்பகுதியில் ஒரு மாசும் உண்டு, மறைப்பதற்கில்லை. பலகோணப் பகுப்பாய்வுக்குரிய தரவு அமைப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்று 1993இல் அவரும் உடனுழைத்தோரும் பன்னிரண்டு விதிகள் கொண்ட ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவ்விதிகளுக்கு நன்கு பொருந்திய சரக்கை விற்ற நிறுவனமே அவ்வறிக்கைக்குப் பொருளுதவி செய்திருந்தது என்று பின்னர்த் தெரியவந்தபோது பலர் முகம் சுளித்தனர். ஐ.பி.எம்.மின் வருவாயைப் பொருட்படுத்தாமல் உண்மையைச் சொன்ன மனிதர், மற்றொரு நிறுவனத்தின் வருவாய்க்குச் சான்று கூறுவதாகத் தோன்ற இடங்கொடுத்தது வருந்தத்தக்கதே.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், ஃபுளோரிடாவில் தம் இல்லத்தில், 79ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. ஆயிரக்கணக்கான பொறிகளில் தரவைப் பரப்பி வைக்கவேண்டிய நிலைக்கு வந்த கூகுள் 2006இலும், அமேசான் 2007இலும், தாம் உறவுநிலை நெறியை விட்டு வேறு வழியில் அடுக்கியதை விளக்கிக் கட்டுரைகள் வெளியிட்டன. 2009இல் மாங்கோடிபி வந்தது. அதில் ஒரு மாணவரின் செய்தியெல்லாம், அவர் உண்ட வேளைகள் உட்பட, ஒரே ஆவணமாகக் கிளைத்து நிற்கும். உற்று நோக்கினால், இது நாம் தொடக்கத்தில் கண்ட மாணவர் ஏடுதான். அப்போலோ காலத்து மரந்தான். இதனால் இது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு பொருளை எப்போதும் முழுமையாகவே எடுத்து முழுமையாகவே வைக்கிறோம், கேட்கப்படும் கேள்வி இன்னதென்று முன்கூட்டியே தெரியும், வேறு கேள்வி வராது என்ற இடத்தில் மரம் வேகமானது, எளியதும்கூட. ஐ.எம்.எஸ். பழம்பொருட்காட்சிக்குப் போய்விடவில்லை, பெரிய வங்கிகளில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைய கேள்வி இன்னதென்று தெரியாத இடத்திலோ, ஒரே செய்தியைப் பலர் பல பக்கத்திலிருந்து கேட்கும் இடத்திலோ மரத்தை நட்டால், இரண்டாம் ஆண்டில் தூண் இடிக்கும். இங்கிரஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ் இப்போது அட்டவணைக்குள்ளேயே கிளைத்த ஆவணத்துக்கும் இடங்கொடுக்கிறது. நம் சட்டைப்பையில் உள்ள கைபேசியிலோ, நாம் அறியாமலே, எஸ்.க்யூ.லைட் என்ற சிறு உறவுநிலைத் தரவுத்தளம் குடியிருக்கிறது.

விடுதிக் கணக்குக்கு எதைத் தேர்வது? காப்பாளர், மாணவர், சமையற்காரர், தணிக்கையாளர் என்று நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து கேட்கும் கணக்கு இது. மூன்று அட்டவணைகளே தக்கவை என்பேன். சமையற்காரர் விடியற்காலையில் விரைந்து பார்க்கவேண்டிய எண்ணிக்கை ஒன்று இருக்குமானால், நாள்வாரித் தொகையை வேறோர் ஏட்டில் எடுத்து எழுதிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது மூலத்தினின்று பெறப்பட்டது, மிகையாக வைத்திருப்பது, மூலத்தோடு முரண்பட்டால் மூலமே செல்லும் என்ற மூன்றையும் கணக்கை அமைப்பவர் முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். காட் 1969இல் எழுதிய அந்த உள்ளறிக்கை, பெறப்படுதல், மிகை, முரணின்மை என்ற இம்மூன்று சொற்களையே தன் தலைப்பிற் கொண்டிருந்தது.